கேமராவை ஆன் பண்ணு

எங்கள் பள்ளித் தாளாளரின் மூக்குத் துவாரங்களை ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்க வேண்டியிருந்தது. ஊரடங்கு காலத்தில் ஆசிரியர் கூட்டம் முழுக்க போனில்தான். அவர் போனை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். கீழிருந்து தெரிவது தாடை, அதற்கு மேல் மூக்கு, மூக்குக்குள் நரைத்த முடி. பலகாரம் முடிந்த கையோடு கூட்டத்தில் உட்காருவதால், யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை மடித்து அதன் முனையால் பல் இடுக்கைக் குத்திக்கொண்டே, "டெடிகேஷன் வேணும் டீச்சர்ஸ்" என்பார். குத்தி எடுத்ததை ஒரு தடவை பார்ப்பார். பிறகு மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்வார். நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவோம். பார்வையைத் திருப்பினால், "என்ன டீச்சர், கவனம் எங்க இருக்குது?" என்று கேட்பார்.

விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் பேசுவது எனக்குப் புதிதில்லை. என் கணவர் குவைத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பமே பல வருடமாக அந்தச் சின்னச் சதுரத்துக்குள்தான் நடக்கிறது. மகள் முதலில் குப்புற விழுந்ததையும் முதல் பல் முளைத்ததையும் அவர் அதில்தான் பார்த்தார். அதனால் ஆன்லைன் வகுப்பு என்று சொன்னபோது மற்ற ஆசிரியைகள் பயந்த அளவுக்கு நான் பயப்படவில்லை. படுக்கையறையில் வெள்ளைச் சுவர் இருக்கும் பக்கமாக மேசையைத் திருப்பிப் போட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டாம் மாதம் ஒரு உத்தரவு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் கேமராவை ஆன் செய்திருக்க வேண்டும். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் எல்லா முகமும் தெரிகிற மாதிரி திரையைப் படம் பிடித்து ஆபீஸ் குழுவில் போட வேண்டும். யார் வகுப்பில் கறுப்புப் பெட்டி அதிகமோ அந்த ஆசிரியைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாட்டு விழும். அதோடு 'ஆபீஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டி எல்லா வகுப்பிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் முகம் வராது, பேச்சும் வராது. தாளாளரும் அவருடைய மச்சானும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள் என்று தெரியும். மச்சான் பள்ளி வேன்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர். வேன் ஓடாத காலத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை.

கேமராவை ஆன் செய்தால் முகம் மட்டுமா தெரியும்? ஒரு வீட்டில் பின்னால் அப்பா கைலியோடு படுத்திருப்பார். இன்னொரு வீட்டில் யாரோ யாரையோ அசிங்கமாகத் திட்டுவது கேட்கும். ஒரு பையன் வீட்டில் கட்டில் ஒன்றுதான். அதில் நோயாளித் தாத்தாவும், அவர் காலடியில் இவனுமாக இருப்பார்கள். நான் ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஆனால் தினமும் முப்பத்தெட்டு வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து எட்டிப் பார்த்துவிட்டு, அதைப் படமும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் எத்தனை பெட்டி கறுப்பு என்று எண்ணுவது மட்டுமே கண்ணில் பட்டது.

என் வகுப்பில் ஒரு பெண். கம்மாபுரத்துக்கும் அப்பால் ஒரு கிராமம். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி, அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். கணக்கில் அவள்தான் முதல். மற்றவர்கள் நான் சொன்ன வழியில் செய்வார்கள். அவள் வேறொரு வழியில் செய்துவிட்டு, "இப்படியும் வருது மிஸ், சரியா?" என்று கேட்பாள். அவள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கொல்லையில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் அவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆடாவது தெரியும். எதையாவது மென்றுகொண்டு நிற்கும்.

அன்றைக்குக் காலை அவள் பெட்டி கறுப்பாக இருந்தது. முப்பத்தேழு முகம் வந்துவிட்டது, அவள் ஒருத்திதான் பாக்கி. படம் எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

"கேமராவ ஆன் பண்ணும்மா" என்றேன்.

"மிஸ், இன்னிக்கி ஒரு நாளு வேணாம் மிஸ். இங்க சரியில்ல."

"என்ன சரியில்ல?"

மெதுவாக, "அம்மா இருக்குது மிஸ்" என்றாள்.

"அம்மா இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒரே ரூல்தான். ஆன் பண்ணு."

இப்படியே சொன்னேன், வார்த்தை மாறாமல். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. குரலில் ஆபீஸ் கேட்கட்டும் என்ற எண்ணம் இருந்ததும் நினைவிருக்கிறது.

அவள் ஆன் செய்தாள். முகம் வந்தது. தோளுக்குப் பின்னால் ஆடு. ஆட்டுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், அடி பம்பு. அங்கே அவள் அம்மா பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனைக் கொஞ்சம் சாய்த்து, தன் தலையால் மறைக்கப் பார்த்தாள். மறையவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் படம் எடுக்கும் பட்டனை அழுத்தினேன்.

அப்போதுதான் ஆபீஸ் பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். முதலில் மெல்லுகிற சத்தம். எலும்பிலிருந்து எதையோ உறிஞ்சுகிற சத்தம். விரலை ஒவ்வொன்றாகச் சப்புகிற சத்தம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு மச்சானின் குரல்.

"ஆட்டுக்கும் அட்டெண்டென்ஸ் போடச் சொல்லு. தெனமும் கரெக்டா வந்துடுது."

தாளாளர் சிரிப்பது கேட்டது. பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். உடனேயே மச்சான் மறுபடி பேசினார்.

"ஆடு கெடக்குது, பின்னாடி பாரு மச்சான். அந்தப் பொண்ண கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க டீச்சர்ன்னு சொல்லலாமா? மறைக்குது."

மறுபடி சிரிப்பு. வாயில் எதையோ வைத்துக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. ஒரு ஏப்பமும் வந்தது.

அந்தப் பெண்ணின் போனில் ஸ்பீக்கர் ஆனில் இருந்திருக்கிறது. கொல்லை முழுக்க அது கேட்டிருக்கும். பம்படியில் இருந்த அவள் அம்மா திரும்பினார். நேராகக் கேமராவைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். எங்களை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஈரக் கை ஒன்று திரை முழுக்க வந்தது. பெட்டி கறுப்பானது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த கணக்கைப் படித்தேன். "ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து" என்று தொடங்கும் கணக்கு. யாரும் எதுவும் கேட்காத மாதிரி நடந்துகொண்டால் யாரும் கேட்கவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன் போல. இரண்டு வரி படித்ததும் நிறுத்தினேன். ஆபீஸ் பெட்டியில் இன்னும் மென்றுகொண்டிருந்தார்கள். பெயரின் மேல் விரலை வைத்தேன். வகுப்பிலிருந்து நீக்கலாமா என்று கேட்டது. நீக்கினேன். சத்தம் நின்றது. ஒரு நிமிடத்தில் உள்ளே விடச் சொல்லி ஆபீஸ் கதவைத் தட்டியது. விடவில்லை. மறுபடி தட்டியது. மூன்றாம் தடவைக்குப் பிறகு என் இன்னொரு போன் அடித்தது. எடுக்கவில்லை. கோபுரக் கணக்கை முடித்துவிட்டுத்தான் வகுப்பை முடித்தேன்.

மறுநாள் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். ஆள் இல்லாத பள்ளி. தாளாளர் அறையில் அவரும் மச்சானும் இருந்தார்கள். டீ வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார்கள். தாளாளர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். பாதி உள்ளே விழுந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவி அதை எடுத்துத் தின்றுவிட்டு, அதே விரலால் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எல்லா வகுப்பையும் அவர்கள் பதிவு செய்து வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நிர்வாகத்தையே வெளிய தள்ளிட்டீங்க. உங்க கிளாஸ்ல எங்கள நீங்க தள்றீங்களா?" என்றார்.

"பிள்ளைங்க முன்னாடி அப்படிப் பேசலாமா சார்? அந்த அம்மா கேட்டுட்டாங்க."

மச்சான் சொன்னார்: "தமாசுக்குப் பேசினது டீச்சர். மைக்கு ஆன்ல இருந்தது தெரியாது. தெரிஞ்சா பேசுவமா?"

தெரிந்தால் பேசியிருக்க மாட்டார்களாம். அவர் அதை மன்னிப்பு கேட்கிற தொனியில் சொன்னார். அவர் பேசியதைவிட அதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

"நீங்களே இப்படிப் பேசினா பொண்ணுங்க எப்படி சார் கேமராவ..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்களும்தான சிரிச்சீங்க டீச்சர்" என்றார் தாளாளர்.

"நான் சிரிக்கல."

"பாருங்க."

பதிவை ஓடவிட்டார். நான் ஒரு மூலையில் இருந்தேன். வெள்ளைச் சுவர், முக்காடு. ஆட்டைப் பற்றிய பேச்சு வந்தது. என் உதடு விரிந்தது. பல் தெரிந்தது. அடுத்த பேச்சு வந்தபோதும் அந்த முகம் அப்படியே இருந்தது. பிறகுதான் மெதுவாக மூடியது. ஆட்டுக்குச் சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். படத்தில் அது தெரியவில்லை. படத்தில் ஒரு பெண் குளிப்பதைப் பற்றி இரண்டு ஆண்கள் பேச, இன்னொரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் தெரிந்தது. முதலாளியின் பேச்சுக்கு நம் வாய் தானாகச் சிரித்துவிடும் என்பதை அதற்கு முன் நான் என் கண்ணால் பார்த்ததில்லை.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நிர்வாகத்தை அவமதிக்கும் விதத்தில் நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். மேசையில் இருந்த என் டீயில் ஆடை கட்டிவிட்டிருந்தது. "டீய குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார்.

"நீ எதுக்கு எழுதிக் குடுத்த?" என்றார்.

"வேலை போயிடும்னு."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "இங்க எங்க சூப்பர்வைசர் எங்க அம்மாவ வெச்சு ஒரு வார்த்த சொன்னான். நானும் சிரிச்சிட்டுத்தான் நின்னேன்" என்றார். ஒன்பது வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூலையில் சின்னதாகத் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் படம் எனக்குத் தெரியாதபடி மாற்றி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து, தாலூகாவுக்குள் வண்டி போகலாம் என்று விட்டதும், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்மாபுரம் தாண்டியதும் சுரங்கத்து மண்மேடு ஒரு பக்கமாகக் கூடவே வரும். அவர்கள் தெருவில் பாதி வீடு காலி. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து யாரும் கூரைகூட மாற்றுவதில்லை என்று பிறகு அவள் அம்மா சொன்னார்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "வாங்க டீச்சரு" என்றார். பாய் விரித்தார். கொல்லைப் பக்கம் என் கண் போய்விடக் கூடாது என்று முயன்றேன். போய்விட்டது. அடி பம்பைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, உரச் சாக்கைக் கிழித்துத் தைத்து மறைப்பு கட்டியிருந்தார்கள். புதுச் சாக்கு.

"அன்னிக்கி நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சரு? அவங்க மொதலாளி. எங்க மேஸ்திரி பேசாத பேச்சா? வயல்ல நிக்கிறப்ப பேசினா திரும்பி ரெண்டு குடுக்கலாம். இது போனுக்குள்ளேர்ந்து வருது. யார போய் அடிக்கிறது?"

அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ்ஸும் சிரிச்சாங்கம்மா" என்றாள்.

"சும்மா இருடி" என்றார் அம்மா.

"நா பாத்தேன்."

வழியெல்லாம் நான் ஒரு விளக்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். நான் சிரித்தது ஆட்டுக்கு, அதற்கு அப்புறம் வந்ததற்கு இல்லை என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த விளக்கமே எனக்கு நாறியது.

"ஆமா, சிரிச்சேன்" என்றேன். "உன்ன ஆன் பண்ணச் சொன்னதும் நான்தான். நீ வேணாம்னு சொன்ன."

அவள் தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எழுந்தேன். அந்த அம்மாதான் வண்டிவரை வந்தார். "அந்த ஸ்கூலு வேணாம் டீச்சரு. கவருமெண்டு ஸ்கூல்ல சேத்துடறோம். டிசி மட்டும் வாங்கிக் குடுங்க, அலைய முடியாது" என்றார்.

டிசி வாங்குவதற்கு அவரை மூன்று தடவை அலையவிட்டார்கள். முதல் தடவை கிளார்க் இல்லை. இரண்டாம் தடவை கையெழுத்துப் போட ஆள் இல்லை. மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். அந்த அம்மா ஆபீஸ் வாசலில் நின்றார், நான் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க கிளாஸ் எடுக்கலயா டீச்சர்?" என்று தாளாளர் கேட்டார்.

"லீவு போட்டிருக்கேன் சார்."

"இதுக்கா?"

"ஆமா சார்."

வேறொன்றும் நான் பேசவில்லை. பேசியிருந்தால் மறுபடி எதையாவது எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள். நின்றேன். மச்சான் உள்ளே வந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பி வேன் நிற்கும் பக்கம் போய்விட்டார். அதுவரை அவர் யாரையும் பார்த்து ஒதுங்கி நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் டிசி கைக்கு வந்தது. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். யாருடைய நடத்தைக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா அதைப் படிக்கவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் டீச்சரு" என்று பஸ்ஸுக்குப் போனார்.

பள்ளி திறந்த பிறகு ஆசிரியர்களுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். தொழிற்பேட்டையில் சொல்லி எல்லோருக்கும் பீங்கான் கப் செய்திருந்தார்கள். ஒவ்வொரு கப்பிலும் அந்தந்த ஆசிரியையின் ஆன்லைன் வகுப்புப் படம். என் கப்பிலும் இருந்தது. நான் எடுத்து அனுப்பிய படங்களில் ஒன்று. வரிசை வரிசையாகப் பிள்ளைகள், நகக்கண் அளவுக்கு முகங்கள். மூன்றாம் வரிசைக் கடைசியில் அவள். நல்லவேளை, வேறு நாள் எடுத்த படம். பின்னால் ஆடு மட்டும்தான். யாரையும் கேட்காமல், யார் வீட்டையும் கேட்காமல், அத்தனை பேரையும் கப்பில் ஒட்டிச் சூளையில் சுட்டிருந்தார்கள்.

மறுநாளே ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அதில் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளின் முகத்தின்மேல் உதட்டை வைத்து உறிஞ்சினார்கள். டீ வழிந்து முகங்கள்மேல் காய்ந்திருந்தது. இங்கிலீஷ் எடுக்கிறவர், "உங்க கப்பு எங்க?" என்று கேட்டார். "எனக்கு ஸ்டீல் டம்ளர் போதும்" என்றேன். கப்பை நான் வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை, அங்கேயும் வைக்கவில்லை. படத்தை இரும்பு நாரால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கோணியில் சுற்றி உடைத்துக் குப்பை வண்டியில் போட்டேன். கோபத்தில் உடைக்கவில்லை. வேறு யாரும் எடுத்து அதில் குடித்துவிடக் கூடாது என்றுதான்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டேன். தாளாளர் காரணம் கேட்டார். குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தேன். அதையும் தைரியமாக எழுதவில்லை. என் இடத்துக்கு ஜூன் மாதமே ஒருத்தர் வந்துவிட்டார்.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சாயங்காலம் இங்கே இருக்கும் பிள்ளைகள். நடுவில் ஒரு மணி நேரம், வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் போனில். குரல் மட்டும்தான், முகம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு அப்பா, "அப்புறம் பையன் கவனிக்கிறானான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "கேள்வி கேட்டா தெரிஞ்சிடும்" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. வேறு டீச்சரைப் பார்த்துக்கொண்டார்.

போன வருடம் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நோட்டில் பாதி போட்ட கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புத் தொகையீடு. நான்காவது வரியில் நின்றிருந்தது. கீழே, "இதுக்கு மேல வரல மிஸ்" என்று மட்டும். கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்தது. நலமா, எங்கே படிக்கிறாய் என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டதைச் சொல்லி, குரலில் பதிவு செய்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. நன்றி என்று ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து அடுத்த கணக்கின் படம் வந்தது.